ஆலங்கட்டி மழையில் திறந்த எதிர் வீட்டுக் கேட்

சில வருடங்களுக்கு முன், சீனப் புத்தாண்டு இன்னும் முழுசாக முடியாத ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அது. மலேசியாவில், ஈப்போவின் ஜெலாப்பாங் பக்கம், நாங்கள் இருக்கும் தாமானில், என் அண்ணனின் இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. இந்தக் குடியிருப்பு முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடம். மரங்களை எல்லாம் தள்ளிவிட்டு வரிசை வீடுகள் கட்டினார்கள். தோட்டத்தை விட்டு வந்த நாங்கள் கொஞ்சப் பேர், சீனர்கள் கொஞ்சப் பேர், மலாய்க்காரர்கள் கொஞ்சப் பேர் என்று இப்போது எல்லாரும் கலந்து இருக்கிறோம். அண்ணன் வீடும் என் வீடும் ஒரே வரிசை. நடுவில் இரண்டு வீடுகள்தான்.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டால்தான் மீதி புரியும். நான் ரொம்பப் பயந்தவள். இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனதால், நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சம். ஏதாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று நினைத்தே பேசாமல் இருந்துவிடுவேன். அடுப்பை அணைத்தோமா என்று பஸ் நிறுத்தம்வரை போய்த் திரும்பி வருகிற ஆள். வானம் கறுத்தால் போதும், டிவி, ஃபேன், ஐஸ்பெட்டி என்று எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவேன். அதோடு விடாமல் முன் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, பூட்டும் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவேன். அண்ணன் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார்.

"இடி என்ன, கேட்டைத் தொறந்துக்கிட்டா வரப்போவுது?"

அவர் அப்படிக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போது அதைக் கேட்க ஆளில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சு கனமாக இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்கு ஒரே மகள். சிங்கப்பூரில் வேலை. செய்தி கேட்டதும் கிளம்பிவிட்டாள். ஆனால் பண்டிகை நேரம், எல்லையைத் தாண்டவே பாதி நாள் போய்விட்டது. காலையில் ஒரு பஸ் பிடித்தாள். அதுவும் பீடோர் பக்கம் வந்து பழுதாகி நின்றுவிட்டது. வேறு பஸ் வரும் என்று சாலையோரம் நிற்கிறேன் என்று எனக்குத்தான் போன் போட்டாள். அம்மாவிடம் பேசினால் அழுதுவிடுவாளாம், அதனால் என்னிடம்.

"அத்தை, நான் வர்ற வரைக்கும் முகத்த மூட விட்றாதீங்க அத்தை. ஒரு தடவ பாத்துட்டா போதும். வாய்க்கரிசி மட்டும் போட்டுக்கிறேன்."

சரிம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். நான் யாரிடம் போய் என்ன சொல்லி நிறுத்துவேன்?

எல்லாப் பொறுப்பையும் தலையில் போட்டுக்கொண்டு நடத்தியவர் அண்ணியின் அண்ணன், அதாவது அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன். மழைக்குப் பேர்போன தைப்பிங்கிலிருந்து முதல் ஆளாக வந்தவர். கறாரான மனிதர், ஆனால் கெட்டவர் இல்லை. தங்கச்சி புருஷன் காரியத்தில் ஒரு குறை வந்துவிடக் கூடாது என்று சாப்பிடாமல் ஓடிக்கொண்டிருந்தார். மின்சுடலையில் அன்றைக்குக் கடைசி நேரம்தான் கிடைத்தது. அதை விட்டால் மறுநாள். மறுநாள் சனிக்கிழமை, சனிக்கிழமையில் எடுக்கிற வழக்கம் எங்களுக்குள் கிடையாது. நான் எப்படியோ அவர் பக்கத்தில் போய் நின்று, மச்சான், பிள்ளை வந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறுக்கலாமா என்று முணுமுணுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எனக்கு மட்டும் ஆசையாம்மா? என் கையில தூக்கி வளத்த புள்ள. ஆனா எது வரைக்கும் பொறுக்கிறது சொல்லு."

முற்றத்து ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

அங்கே நின்றால் எதிர் வீடு நேராகத் தெரியும். அது ஒரு சீனர் வீடு. அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவரும் மனைவியும் மட்டும்தான். இத்தனை வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் குப்பை லாரி வந்ததா, தண்ணீர் நின்றுவிட்டதா என்கிற அளவுதான். பண்டிகைக்காகக் கார் நிறுத்தும் முன்வாசல் முழுக்கச் சிவப்பு விளக்குகள் தொங்கவிட்டிருந்தார்கள். சுவரில் அவர்கள் கும்பிடும் சின்னச் சிவப்பு மாடம், அதன் முன்னால் ஆரஞ்சுப் பழங்கள். அன்று காலையில் அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அந்த மனிதர் வெளியே வந்து தன் கேட்டில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு உள்ளே போனதைப் பார்த்தேன்.

அது அவர்கள் வழக்கம் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் சாவு விழுந்தால் அந்தக் கெட்டது தங்கள் வீட்டுக்குள் வராமல் இருக்கக் கட்டுவார்கள். நாமும் சாவு வீட்டுக்குப் போய்வந்தால் குளிக்காமல் உள்ளே போவதில்லையே. அதெல்லாம் தெரிந்தும் எனக்கு மனசு வலித்தது. தினமும் காலையில் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது அவரைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டுப் போன அண்ணன், இன்றைக்கு அவருக்குக் கெட்டது ஆகிவிட்டாரே என்று.

மூன்று மணி ஆகும்போது பெட்டியை வீட்டிலிருந்து தூக்கி, தெருவில் போட்டிருந்த கூடாரத்துக்குள் வைத்துவிட்டார்கள். அங்கேதான் மற்றச் சடங்குகள். வானம் அதற்குள் ஒரு மாதிரியாக மாறிவிட்டது. வழக்கமான கறுப்பு இல்லை. ஒரு பக்கம் கறுப்பு, கீழே பழுத்த இலை மாதிரி மஞ்சள். காற்று சில்லென்று வீசியது. ஈப்போவின் மதிய வெயிலுக்குப் பழகின உடம்புக்கு அது நல்லதாகவே படவில்லை. யாரோ ஒருவர், மழை வருகிற மாதிரி இருக்கிறதே, சீக்கிரம் ஆகட்டும் என்றார். தாய்மாமன் அண்ணாந்து பார்த்தார்.

"நான் தைப்பிங்காரன்லா. எனக்கு மழையப் பத்திச் சொல்லாதீங்க. இன்னும் அரை மணி தாங்கும்."

எல்லாரும் ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டார்கள். நான் என் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டோல் தாண்டிவிட்டேன், கார் பிடித்துவிட்டேன் என்று செய்தி வந்திருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கடைசியாக இருந்த இரண்டு மூன்று பெண்கள் போட்டு முடித்தால் பெட்டியை மூடித் திருகாணி போட்டுவிடுவார்கள். எங்களில், போட்டுவிட்டால் அப்புறம் திறப்பதில்லை.

அப்போதுதான் முதல் சத்தம் கேட்டது.

அண்ணன் வீட்டு முன்பக்கத் தகரத்தில், டங் என்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று. யாரோ கல் எறிகிறார்கள் என்றுதான் நினைத்தேன். தோட்டத்தில் சின்ன வயதில் கேட்ட கதைகள் எல்லாம் அந்த ஒரு நொடியில் ஞாபகம் வந்தன. செய்வினை வைத்த வீட்டின் மேல் கல் விழுமாம், வெளியே வந்து தேடினால் கல்லே இருக்காதாம். செத்த பிறகுமா அண்ணனை விடவில்லை என்று யார் யாரையோ நினைத்தேன். அதற்குள் என் காலடியில் வெள்ளையாக ஒன்று விழுந்து, தார்ச் சாலையில் குதித்து, உருண்டு போய் நின்றது. உருமி அடிக்க வந்த பையன்களில் ஒருவன் குனிந்து எடுத்துப் பார்த்தான்.

"டேய், ஐஸ்டா. ஐஸ் விழுதுலா."

ஆலங்கட்டி மழை என்று பத்திரிகையில் படித்திருக்கிறேன். மலாயில் கல் மழை என்பார்கள். என் ஆயுசில் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். ஒன்று, இரண்டு என்று விழுந்தது, சட்டென்று யாரோ மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது போல ஆகிவிட்டது. கோலிக்குண்டு அளவு, சிலது சின்ன எலுமிச்சை போன்ற லங்சாட் பழ அளவு. தகரத்தில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. நிறுத்தியிருந்த கார்கள் எல்லாம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக அலற ஆரம்பித்தன. ஜனங்கள் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். உருமிக்காரப் பையன்கள் உருமியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார்கள். அடி வாங்கினாலும் பரவாயில்லை, தோல் கிழியக் கூடாது என்று.

கூடாரத் துணி ஒரு இடத்தில் தொங்கி, அதில் ஐஸ் சேர்ந்து கனத்தது. பிறகு கிழிந்தது. காற்று ஒரு பக்கக் கம்பியைத் தூக்கிச் சாய்த்தது. நாலைந்து ஆண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். அண்ணன் பெட்டி திறந்தபடி நடுவில் இருந்தது. தாய்மாமன் வேட்டியோடு வெற்றுடம்பாக நின்றவர், தோளில் கிடந்த துண்டை அண்ணன் முகத்தில் போட்டார். போட்டுவிட்டு அப்படியே பெட்டியின் மேல் குனிந்து படுத்துக்கொண்டார். ஐஸ் அவர் முதுகில் விழுந்து விழுந்து தெறித்தது. விழுந்த இடமெல்லாம் சிவந்து தடித்ததை நான் பார்த்தேன். அவர் அசையவில்லை.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியாது. கூட்டத்தில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. உள்ளே தூக்கிக்கொண்டு போங்கள், வீட்டுக்குள் கொண்டு போங்கள் என்று கத்தினேன்.

அவர் தலையை மட்டும் தூக்கினார். "வாசலத் தாண்டியாச்சும்மா. திரும்ப உள்ள கொண்டு போகக் கூடாது."

அதுதான் எங்கள் வழக்கம். வாசலைத் தாண்டி வெளியே வந்த உடல் மறுபடி அந்த வீட்டுக்குள் போகக் கூடாது. போனால் இன்னொரு உயிருக்கு ஆபத்து என்பார்கள். அண்ணி வாசல்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டின புருஷன் ஐஸில் நனைகிறான். பத்தடியில் அவன் வீடு. அவளாலும் 'கொண்டு வாங்க' என்று சொல்ல முடியவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் கத்தின மறுநிமிடமே பயம் வந்துவிட்டது. பிரேத வண்டியோ தெரு முனையில் நின்றது. நடுவில் வந்தவர்களுடைய கார்கள். சாலை முழுக்க வெள்ளையாகி, நடந்தவர்கள் வழுக்கிக்கொண்டிருந்தார்கள். அதுவரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வழியே இல்லை.

அந்தச் சத்தத்துக்குள்ளும் ஒரு இயந்திரச் சத்தம் கேட்டது. எதிர் வீட்டு ஆட்டோகேட் திறந்துகொண்டிருந்தது.

அந்தச் சீனர் பனியனும் அரைக்கால் சட்டையுமாக வந்தார். தலையில் ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்திருந்தார். நேராகப் போய்த் தன் காரில் ஏறினார். இந்த நேரத்தில் எங்கே கிளம்புகிறார் என்று நினைத்தேன். காரைப் பின்னால் எடுத்து, தெருவில், ஐஸ் கொட்டுகிற இடத்தில் நிறுத்திவிட்டு இறங்கினார். வாரா வாரம் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் கார் அது. அதன் மேல் விழுந்த ஒவ்வொரு அடியும் எங்களுக்குக் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காலியான தன் முன்வாசலைக் காட்டி, "மாசுக், மாசுக்" என்று எங்களை உள்ளே கூப்பிட்டார்.

யாரும் அசையவில்லை. யாருக்கும் நம்ப முடியவில்லை. சீனப் புத்தாண்டு நாளில், அடுத்தவர் வீட்டுப் பிணத்தைத் தன் வீட்டு வாசலுக்குள் விடுவதென்றால் அது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். தாய்மாமன் குனிந்தபடியே மலாயில் சொன்னார், தவுக்கே என்று மரியாதையாகக் கூப்பிட்டு, வேண்டாம், உங்களுக்கு ஆகாது என்று. அந்த மனிதர், ஏன் உங்கள் வீட்டுக்குள் கொண்டு போகவில்லை என்று கேட்டார். வெளியே வந்தால் திரும்பப் போகக் கூடாது என்று யாரோ விளக்கினார்கள். அவர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்:

"அவர் வீட்டுக்கும் போக முடியாது, வண்டிக்கும் போக முடியாது. அப்ப அவர் எங்கதான் போவார்? இங்க வரட்டும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி அவர்கள் பேசும் கந்தோனிஸில் ஏதோ சொன்னது கேட்டது. கோபம் இல்லை, குரல் நடுங்கியது. அவர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். அவர் கையில் கேட்டின் ரிமோட் இருந்தது. அந்தக் கையும் நடுங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். இரண்டு பேர் அதன் மேல் நாற்காலிகளைக் குடையாகப் பிடித்தார்கள். தெருவைத் தாண்டும்போது அவர் ஓடிப்போய்க் கேட்டில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்தார். மனசு மாறிவிட்டது, கேட்டைச் சாத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அந்தத் துணியைக் கொண்டுபோய்ச் சுவரில் இருந்த சாமி மாடத்தை மூடினார். மூடிவிட்டு இரண்டு கையையும் குவித்து ஒரு தடவை கும்பிட்டார். பிறகு சுவரோரமாக ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டார்.

அண்ணனைச் சிவப்பு விளக்குகளுக்குக் கீழே வைத்தார்கள். நாங்கள் கொஞ்சப் பேர் சுற்றி நின்றோம். தகரத்தில் ஐஸ் விழுகிற சத்தம் மட்டும்தான். போனை எடுத்துப் பார்த்தால் அண்ணன் மகளிடமிருந்து எத்தனையோ அழைப்புகள். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. தெருவை எட்டிப் பார்த்தேன்.

தெருமுனையில் அவள் வந்துகொண்டிருந்தாள். தாமான் வாசலிலேயே ஐஸுக்குப் பயந்து காரை நிறுத்திவிட்டார்களாம். பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, வழுக்கி வழுக்கி ஓடி வந்தாள். வீட்டு முன்னால் வந்து நின்றாள். கூடாரம் சாய்ந்து கிடந்தது. பெட்டி இல்லை. ஆட்கள் இல்லை. கவிழ்ந்த நாற்காலிகள், சிதறின பூ. கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்துவிட்டாள். பையைக் கீழே விட்டாள். அப்படியே அந்த ஐஸின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

இடிச் சத்தம் கேட்டால் கட்டிலை விட்டு இறங்காதவள் நான். எப்படி வெளியே ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியாது. தலையிலும் தோளிலும் சுள்சுள்ளென்று விழுந்தது.

"இங்க இருக்கார்டி. அப்பா இங்கதாண்டி இருக்கார். எதிர் வீட்ல."

அவளைத் தூக்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். தாய்மாமன் அவளைப் பார்த்ததும் துண்டை எடுத்தார். அண்ணன் முகம் நனையவே இல்லை. காலையில் பூசிய விபூதிகூடக் கலையவில்லை. அவள் அப்பா கன்னத்தில் கையை வைத்து, வந்துட்டேன்ப்பா என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அரிசி எங்கே என்று தாய்மாமன்தான் கேட்டார். தட்டைத் தேடினால் அது கூடாரத்துக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. அரிசியும் ஐஸும் கலந்து சாலையெல்லாம் வெள்ளை. எது அரிசி எது ஐஸ் என்றே தெரியவில்லை. அண்ணன் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வர யாரோ கிளம்பினார்கள். அதற்குள் நான் திரும்பி, உள்வாசலில் நின்றுகொண்டிருந்த அந்தச் சீனப் பெண்மணியைப் பார்த்தேன். எனக்கிருந்த அரைகுறை மலாயில், ஆண்ட்டி, அரிசி இருக்கா என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாசலைக் கொடுத்தது போதாதென்று சாவுக்கு அரிசியும் கேட்கிறேனே என்று.

அவர் உள்ளே போனார். திரும்பி வரமாட்டார் என்று நினைத்தேன். ஒரு கிண்ணத்தில் அரிசியோடு வந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. அண்ணன் மகள் நீட்டின இரண்டு கையிலும் அவரே கொட்டினார். "காசியான்" என்று மட்டும் சொன்னார். பாவம் என்று அர்த்தம்.

அவள் அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஐஸ் விழுவது நின்று வெறும் மழையாகி, மழையும் தூறலாகியது. மொத்தமாகக் கால்மணி நேரம்கூட இருக்காது. கார்களை நகர்த்தி வண்டியை எதிர் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார்கள். திருகாணி போட்டார்கள். கிளம்பும்போது தாய்மாமன் அந்த மனிதர் முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். முதுகெல்லாம் தடிப்புகள், ஒரு காதோரம் ரத்தம். அந்தச் சீனர் சங்கடமாகத் தலையை ஆட்டி, போங்கள், போங்கள், நேரமாகிறது என்றார். மின்சுடலையிலும் அந்த மழையால் எல்லாமே தள்ளிப்போயிருந்தது, எங்களுக்காகக் காத்திருந்தார்கள். நாங்கள் பெண்கள் மஞ்சள் தண்ணீர் கொண்டு போய் அவர் வாசலைக் கழுவிக் கொடுத்தோம். அவர் மனைவியும் ரப்பர் குழாயோடு வந்து எங்களோடு சேர்ந்து கழுவினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் நான் நானாயிற்றே. அன்று ராத்திரியிலிருந்து எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. எங்களால் அவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் சீன அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பண்டிகை நாளிலா, வாசலுக்குள்ளா என்று கேட்டார். நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அப்புறம் அவரே என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். காரியம் முடிந்ததும் ஒரு புதுச் சிவப்புத் துணி, இனிப்பு, ஆரஞ்சுப் பழம், பணம் வைத்த சிவப்பு உறை எல்லாம் கொண்டு போய்க் கொடுக்கச் சொன்னார்.

பதினாறாம் நாள் முடிந்த பிறகு அண்ணியும் மகளும் நானும் எதிர் வீட்டுக்குப் போனோம். என்ன பேசுவது என்று மலாயில் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. அவர் துணியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். காரை நாங்கள் சரிசெய்து தருகிறோம் என்று அண்ணி சொன்னதற்கு, வேண்டாம், ஓடுகிற கார்தானே என்று சிரித்தார். பிறகு அவரே சொன்னார், உன் அண்ணன் தினமும் காலையில் என்னைப் பார்த்துக் கையைத் தூக்குவார், இப்போது அந்த நேரத்துக்கு வாசலுக்கு வந்தால் என்னவோ போல இருக்கிறது என்று. அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்கு ஒன்று மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை. உங்களுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். அவர் வீட்டுக்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தார், அந்த அம்மா சிரித்தார். பிறகு அவர் சொன்னார்:

"தாக்குட்லா. ரொம்பப் பயம். இன்னைக்கும் பயம்தான். ஆனா என்ன செய்யறது? ஐஸ் விழுதே."

அதற்குப் பிறகு தினமும் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அந்த வாசலைப் பார்க்காமல் போனதில்லை. அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாரா, நன்றாக நடக்கிறாரா என்று பார்ப்பேன். முதலில் அது பயத்தில் பார்த்தது. அப்புறம் பழக்கமாகிவிட்டது. நான் கையைத் தூக்குவேன், அவரும் தூக்குவார். ஒருநாள் அவரைக் காணவில்லை என்று வேலைக்குப் போகாமல் போய்க் கதவைத் தட்டிவிட்டேன். தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தவர் அப்போதுதான் வந்து இறங்கினார். அந்தக் காரின் மேல் அம்மைத் தழும்பு போல ஐஸ் விழுந்த பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. காலை வெயில் சாய்வாகப் படும்போது தெரியும். அவர் அதைச் சரிசெய்யவே இல்லை.

பயமில்லாதவர்களால்தான் அடுத்தவருக்கு ஒன்று செய்ய முடியும், என்னைப் போன்றவளால் ஆகாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று பார்த்த அந்த நடுங்கின கைதான் அந்த நினைப்பை மாற்றியது. பயம் போகவில்லை, இன்றைக்கும் வானம் கறுத்தால் ஓடிப்போய் டிவி, ஃபேன், ஐஸ்பெட்டி பிளக்கை எல்லாம் பிடுங்கத்தான் செய்கிறேன். ஆனால் முன் கேட்டைப் பூட்டுவதில்லை. தாழ்ப்பாளைக்கூட எடுத்துவிட்டு, யாருக்காவது வேண்டியிருக்கும் என்று, பயந்துகொண்டே திறந்து வைத்துவிட்டு வருகிறேன்.